டிம்பர்லைன் லாட்ஜ்ல தங்கப் போறீங்களா? ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

அப்பா அம்மா திண்டுக்கல்லேர்ந்து ஆறு மாசம் வந்திருந்தப்போ, ஸ்னோ காட்டணும்னு டிசம்பர்ல, அமெரிக்காவுல ஓரெகன் மாநிலத்துல மவுண்ட் ஹுட் மலை மேல இருக்கற டிம்பர்லைன் லாட்ஜ்க்கு கூட்டிட்டுப் போனோம். ரூம் புக் பண்ணது மட்டும்தான் நான் ஒழுங்கா செஞ்ச வேலைன்னு நினைச்சிட்டிருந்தேன், அங்க போனப்புறம்தான் அதுவே தப்பான ரூம்னு தெரிஞ்சது. ரோட்டு ஓரமா இருட்டுல, கொட்ற ஸ்னோல, வழுக்காம இருக்க டயருக்கு இரும்புச் செயின் மாட்டத் தெரியாம ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னோம். அம்மா கார்ல உக்காந்து முருகா முருகான்னுட்டு இருந்தாங்க. மார்ச்ல மறுபடி போனோம், அந்தத் தடவை எல்லாத்தையும் முன்கூட்டியே பாத்து வெச்சுட்டுப் போனதால அவ்ளோ நிம்மதியா இருந்துச்சு. போர்ட்லேண்ட் பக்கத்துல ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் ஊர்களுக்குப் புதுசா வந்து சேர்றவங்க நிறைய பேர் கேக்கறாங்க, அதனால வரிசையா எழுதிடறேன்.

லாட்ஜோட வரலாறு இங்க வேணாம். 1930கள்ல வேலையில்லாத் திண்டாட்டம் இருந்தப்போ அரசாங்கம் கூலி குடுத்து கையாலயே கட்டவெச்ச கட்டிடம், 1937ல ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நேர்ல வந்து அர்ப்பணிச்சாரு, அது போதும். மிச்சத்தை லாபிலயே வெச்சிருக்காங்க, அங்க போய் பாத்துக்கோங்க.

1. எப்ப போறதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

நம்ம ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல சுமார் 7,300 அடி. டிம்பர்லைன் லாட்ஜ் கிட்டத்தட்ட 6,000 அடிதான். ஆனா பூமத்திய ரேகைக்கும் வடதுருவத்துக்கும் நடுவுல, 45 டிகிரிக்கு மேல இருக்கறதாலயும், பசிபிக் கடல்லேர்ந்து வர்ற ஈரக்காத்து நேரா இந்த மலைல மோதறதாலயும் இங்க விழற ஸ்னோ வேற ரகம். நடு சீசன்ல கீழ் மாடி ஜன்னலெல்லாம் மூடிடும், வாசலுக்கே சுரங்கம் மாதிரி ஒரு கூரை போட்டு அது வழியாத்தான் உள்ள போகணும். அப்பா அந்த சுரங்கத்துக்குள்ள நின்னு ரெண்டு பக்கமும் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு.

டிசம்பர் கடைசி, ஜனவரி மார்ட்டின் லூதர் கிங் லீவு, பிப்ரவரி பிரசிடெண்ட்ஸ் டே, இந்த மூணு வாரக்கடைசியும் முதல் தடவை போறவங்களுக்கு வேண்டாம்னுதான் சொல்வேன். கூட்டம் அதிகம், ரேட்டும் அதிகம், ரோடும் நகராது. செவ்வாய், புதன் போனா அதே ரூம் சனிக்கிழமை ரேட்ட விட நல்லாவே கம்மியா கிடைக்கும், எங்களுக்கு மார்ச்ல அப்படித்தான் கிடைச்சது. மார்ச்ல இன்னொரு வசதி, ஸ்னோ குவிஞ்சிருக்கும் ஆனா பொழுது நீளம். டிசம்பர்ல சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிடும், அந்த இருட்டுதான் எங்களை மாட்டவெச்சது.

வெயில்காலமும் நல்லாத்தான் இருக்கும். லாட்ஜ் வருஷம் பூரா திறந்திருக்கு, ஜூலை ஆகஸ்ட்ல பின்பக்கம் காட்டுப்பூ, பசிபிக் க்ரெஸ்ட் ட்ரெயில்ங்கற நீண்ட நடைபாதை லாட்ஜுக்குப் பக்கத்துலயே போகுது. மேல பால்மர் பனிவெளில அப்பவும் ஸ்கீ பண்ணிட்டிருப்பாங்க. செயின் கவலையே இல்ல. ஸ்னோ ஓட்டிப் பழக்கமே இல்லாதவங்க, முதல் தடவை மே மாசத்துக்கு அப்புறம் போயிட்டு வந்தா ரோடாவது பழகிடும்.

2. எந்த ரூம்னு வார்த்தை வார்த்தையா படிச்சு புக் பண்ணுங்க

மொத்தமே 70 ரூம்தான். பெரிய ஹோட்டல் மாதிரி கடைசி நேரத்துல பாத்துக்கலாம்னு இருக்க முடியாது, சீசன் வாரக்கடைசின்னா பல மாசம் முன்னாடியே பாருங்க.

ஷாலே ரூம்னு ஒண்ணு இருக்கு. இருக்கறதுலயே ரேட் கம்மி, அதனால கண்ணு அங்கதான் போகும். அதுல பங்க் பெட், மேல் கட்டிலுக்கு ஏணில ஏறணும், பாத்ரூம் ரூமுக்குள்ள கிடையாது, வெளில காரிடார்ல எல்லாருக்கும் பொதுவா இருக்கும். இது அவங்க ஒளிச்சு வெச்ச விஷயம் இல்ல, ரூம் விவரத்துல தெளிவா போட்டிருக்காங்க, நான்தான் போட்டோவையும் ரேட்டையும் மட்டும் பாத்தேன். முட்டி வலி இருக்கற அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்வெட்டர் மாட்டிட்டு காரிடார்ல நடந்து போனதைப் பாத்தப்போ எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. நண்பர்கள் நாலு பேர் ஸ்கீ பண்ணப் போறீங்க, ராத்திரி தலையைச் சாய்க்க இடம் போதும்னா ஷாலே ரூம் அருமையான விஷயம். பெரியவங்க, சின்னக் குழந்தை இருந்தா வேண்டவே வேண்டாம்.

கொஞ்சம் கூட செலவு பண்ண முடிஞ்சா ஃபயர்ப்ளேஸ் இருக்கற ரூம் ஒண்ணு எடுங்க. மர வேலை, கையால செஞ்ச கட்டில், மேஜை, சுவர்ல தண்ணிச்சாயப் படம், நடுவுல நெருப்பு. அந்த ஒரு ராத்திரிக்காகத்தானே போறோம். அப்புறம் எந்தப் பக்கம் ஜன்னல்னும் கேளுங்க, மலைய பாத்த மாதிரியா, தெற்குப் பக்கம் பள்ளத்தாக்கைப் பாத்த மாதிரியான்னு. ஸ்னோ ஜாஸ்தியா இருக்கற மாசத்துல கீழ் தளத்து ஜன்னல் வழியா வெள்ளைச் சுவர் மட்டும்தான் தெரியும், குழந்தைங்களுக்கு அதுவே குஷி, ஆனா வெளிச்சம் வேணும்னா மேல் தளம் கேட்டு வாங்குங்க.

கேன்சல் விதியை புக் பண்றப்பவே படிச்சு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. புயல் வந்துடுச்சு, ரோட்டுல போக பயமா இருக்குன்னா தானா பணம் திரும்ப வந்துடும்னு நினைக்காதீங்க. எத்தனை நாள் முன்னாடி கேன்சல் பண்ணா என்ன கழிப்பாங்கன்னு தெரிஞ்சு வெச்சிருந்தா, வானிலையைப் பாத்து அந்த நாளுக்குள்ள முடிவு எடுக்கலாம்.

3. கைல இருக்க வேண்டிய பேப்பர்

பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா ஒண்ணு விட்டாலும் அலைச்சல்.

புக் பண்ணவங்க பேர்லயே க்ரெடிட் கார்டும் போட்டோ ஐடியும் வேணும். மனைவி பேர்ல புக் பண்ணிட்டு நீங்க மட்டும் முன்னாடி போய் நின்னா பிரச்னை ஆகலாம், ரெண்டு பேர் பேரையும் முன்கூட்டியே சேக்கச் சொல்லிடுங்க. அப்பா அம்மாவுக்கு பாஸ்போர்ட்டும் ஐ-94 (அமெரிக்காவுக்குள்ள வந்ததுக்கான பதிவு) பிரிண்டும் எடுத்துக்கோங்க.

ஸ்கீ வாடகைக்கு எடுக்கவும் க்ளாஸ் சேரவும் பொறுப்பு விலக்குப் படிவத்துல கையெழுத்து போடணும். 18 வயசுக்குக் கீழன்னா பெத்தவங்களோ கார்டியனோதான் போடணும், அதனால உங்க பசங்களை நண்பர் குடும்பத்தோட அனுப்பறதா இருந்தா இதை முன்னாடியே முடிச்சிடுங்க. உயரம், எடை, ஷூ சைஸ் எழுதி வெச்சுக்கோங்க. எடையை கூச்சப்பட்டு குறைச்சுச் சொல்லாதீங்க, விழறப்போ பூட் கழர்றது அந்தக் கணக்குலதான் செட் பண்றாங்க, தப்பா சொன்னா கால்தான் போகும்.

பெத்தவங்களுக்கு எடுத்த விசிட்டர் இன்ஷூரன்ஸ்ல ஸ்கீயிங் மாதிரி விளையாட்டுக்கு கவர் இல்லாத பாலிசி நிறைய இருக்கு. பாலிசி பேப்பரை ஒரு தடவை திறந்து பாருங்க. இல்லன்னா அவங்களை ஸ்கீ பக்கம் விடாதீங்க, லாபில உக்காந்திருக்கறதே அவங்களுக்கு போதுமான சந்தோஷம்.

முக்கியமா ஸ்னோ-பார்க் பெர்மிட். நவம்பர் 1லேர்ந்து ஏப்ரல் 30 வரைக்கும் ஓரெகன்ல ஸ்னோ-பார்க்னு போர்டு இருக்கற இடத்துல வண்டி நிறுத்தணும்னா இது கட்டாயம். ஒரு நாள், மூணு நாள், வருஷம்னு மூணு வகை, டிஎம்வி (டிரைவிங் லைசென்ஸ், வண்டிப் பதிவு) ஆபீஸ்லயும் ஸ்போர்ட்ஸ் கடைகள்லயும் கிடைக்கும். கடைல வாங்கினா மேல கொஞ்சம் சர்வீஸ் சார்ஜ் போடுவாங்க. குளிர்காலத்துல ரெண்டு மூணு தடவை போற ஐடியா இருந்தா வருஷ பெர்மிட்டே லாபம். முன் கண்ணாடில டிரைவர் பக்கம் கீழ் மூலைல தெரியற மாதிரி ஒட்டுங்க. கலிஃபோர்னியா, ஐடாஹோ பெர்மிட் இங்க செல்லும்.

4. டயரும் செயினும், இதுலதான் எல்லாரும் மாட்டறாங்க

போர்ட்லேண்ட்லேர்ந்து கிழக்கால சுமார் 60 மைல். ஹைவே 26 பிடிச்சு சாண்டி தாண்டி கவர்மென்ட் கேம்ப்ங்கற ஊர் வரைக்கும் போய், அங்கேர்ந்து இடதுபக்கம் திரும்பி ஆறு மைல் வளைஞ்சு வளைஞ்சு ஏறணும். காஞ்ச ரோட்டுல ஒண்ணரை மணி நேரம், ஹில்ஸ்பரோலேர்ந்து ரெண்டு. ஸ்னோ விழற சனிக்கிழமைன்னா மூணு மணி நேரத்துக்கு மேலயும் ஆகும்.

ரோட்டுல செயின் அல்லது ட்ராக்‌ஷன் டயர் வெச்சிருக்கணும்னு போர்டு போட்டிருந்தா அது சட்டம், அறிவுரை இல்ல. ட்ராக்‌ஷன் டயர்னா டயர் பக்கவாட்டுல மூணு முகட்டு மலையும் நடுவுல ஸ்னோ பூவும் இருக்கற சின்னம் இருக்கணும். வெறும் ஆல் சீசன் டயர்னு எழுதியிருந்தா அது இது இல்ல. "எங்க வண்டி ஆல் வீல் டிரைவ் (நாலு சக்கரமும் இழுக்கறது), செயின் வேண்டாம்"னு நம்ம ஆளுங்க நிறைய பேர் சொல்றாங்க. ஆல் வீல் டிரைவ் காருக்கு செயின் மாட்டறதுலேர்ந்து விலக்கு உண்டு, ஆனா வண்டிக்குள்ள செயின் வெச்சிருக்கணும்ங்கறதும் அந்த விலக்கோட நிபந்தனைல ஒண்ணு. நிலைமை ரொம்ப மோசமாகி எல்லா வண்டிக்கும் செயின்னு அறிவிச்சிட்டாங்கன்னா அந்த விலக்கும் போயிடும். அதோட ஆல் வீல் டிரைவ் ஏறத்தான் உதவும், ஐஸ் மேல ப்ரேக் பிடிக்கறப்போ உங்க வண்டியும் மத்த வண்டி மாதிரியேதான் வழுக்கும்.

எங்களுக்கு நடந்தது இதுதான். ஒரு கடைல டயர் சைஸ் சொல்லி 70 டாலருக்கு செயின் வாங்கி டப்பாவைப் பிரிக்காமலே டிக்கில போட்டுட்டேன். ரோட்டோரம் செயின் மாட்ற இடத்துல நிறுத்தி, கை விறைச்சுப்போய், போன் வெளிச்சத்துல பிரிச்சுப் பாத்தா குடுத்திருந்தது வேற சைஸ். கடைசில பக்கத்துல நின்ன ஒரு பிக்கப்காரர் தன்கிட்ட இருந்த எக்ஸ்ட்ரா செட்டைக் குடுத்து மாட்டியும் விட்டாரு. பணம் வாங்க மாட்டேன்னுட்டாரு.

அதனால, டயர் பக்கவாட்டுல இருக்கற முழு நம்பரையும் போட்டோ எடுத்துட்டுப் போய் வாங்குங்க. வாங்கின அன்னைக்கே வீட்டு டிரைவ்வேல ரெண்டு தடவை மாட்டிக் கழட்டிப் பாருங்க, ரெண்டாவது தடவை பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். முன் சக்கரம் இழுக்கற வண்டின்னா முன்னாடி மாட்டணும், இதுகூட எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். முட்டி போட ஒரு பழைய கார் மேட், தண்ணி புகாத க்ளவ்ஸ், தலைல மாட்டற டார்ச், இது மூணும் டிக்கில இருக்கட்டும். மாட்டினப்புறம் மெதுவாப் போங்க, மணிக்கு 30 மைல் வேகத்தைத் தாண்டாதீங்க, கொஞ்ச தூரம் போய் இறங்கி இன்னொரு தடவை இறுக்குங்க.

வாடகைக் கார்னா இன்னொரு பொறி இருக்கு. நிறைய கம்பெனி ஒப்பந்தத்துல செயின் மாட்டவே கூடாதுன்னு போட்டிருப்பாங்க. எடுக்கறப்பவே கேளுங்க, ஸ்னோ டயர் போட்ட வண்டியான்னு எழுத்துல வாங்குங்க. ஏர்போர்ட்ல கிடைக்கற வண்டில நேரா மலை ஏறிடலாம்னு ப்ளான் பண்ணாதீங்க.

கிளம்பறதுக்கு முந்தின ராத்திரியும், கிளம்பற காலைலயும் ஓரெகன் போக்குவரத்துத் துறையோட ட்ரிப்செக் தளத்துல கவர்மென்ட் கேம்ப் கேமராவைப் பாருங்க. போர்ட்லேண்ட்ல வெயில் அடிக்குதேன்னு நம்பாதீங்க. சாண்டிலயே பெட்ரோல் ஃபுல்லா போட்டுக்கோங்க, வைப்பர் தண்ணியும் உறையாத வகையா மாத்திடுங்க.

5. ஓட்டத் தைரியம் இல்லன்னா பஸ்

வெக்கப்படறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஏர்போர்ட்லேர்ந்தோ டவுன்டவுன்லேர்ந்தோ மேக்ஸ்ங்கற போர்ட்லேண்ட் நகர ரயில்ல க்ரெஷம், அங்கேர்ந்து பஸ்ல சாண்டி, சாண்டிலேர்ந்து மவுண்ட் ஹுட் எக்ஸ்ப்ரஸ் பஸ் டிம்பர்லைன் வாசல் வரைக்கும் போகுது. ஏர்போர்ட்லேர்ந்து சிவப்பு லைன்ல ஏறி கேட்வேல நீல லைனுக்கு மாறணும். மொத்தச் செலவு ஒரு ஆளுக்கு சில டாலர்தான். நேரம் பிடிக்கும், ஒரு நாளைக்கு குறிப்பிட்ட ட்ரிப்தான் இருக்கும், ஒண்ணை விட்டா ரொம்ப நேரம் உக்காரணும், அதனால அட்டவணையை முதல் நாளே பாத்துடுங்க. பெட்டி ரெண்டுக்கு மேல வேணாம்.

6. மூட்டை கட்றது

ஜீன்ஸ், காட்டன் சாக்ஸ் இதெல்லாம் ஈரமானா அவ்ளோதான், காயவே காயாது. உள்ள ஒட்டின மாதிரி தெர்மல், நடுவுல ஃப்ளீஸ், மேல தண்ணி புகாத ஜாக்கெட்டும் பேண்ட்டும். ஒரே தடவைக்காக புதுசா வாங்காதீங்க, போர்ட்லேண்ட்ல பழைய ஸ்னோ உடுப்பு விக்கற கடைகள்ல பாருங்க, பசங்களுக்கு வாடகைக்கே எடுங்க. வெயில் வந்துட்டா ஸ்னோ மேல பட்டு கண்ணு கூசும், பெரியவங்களுக்கும் கூலிங் க்ளாஸ் வேணும்.

நீச்சல் உடுப்பை மறக்கவே மறக்காதீங்க. வெளில திறந்தவெளில சூடு பண்ண நீச்சல்குளம் இருக்கு, பக்கத்துல சூடு தண்ணித் தொட்டியும் இருக்கு, சுத்தி ஸ்னோ குவியல், தலைல ஸ்னோ விழுது, உடம்பு கதகதன்னு இருக்கு. எங்க பொண்ணு இன்னைக்கும் ஸ்கீயை விட அதைப் பத்திதான் பேசறா. கதவுலேர்ந்து தொட்டி வரைக்கும் நடக்கற சில அடிதான் கொடுமை, ஒரு ஜோடி ஹவாய் செருப்பு எடுத்துட்டுப் போங்க.

மேல காத்து வறண்டு இருக்கும். அப்பாவுக்கு மூக்கு காஞ்சு லேசா ரத்தம் வந்துச்சு, தேங்கா எண்ணெய் தடவினதும் சரியாச்சு. ரொம்ப மேல போற உயரம் இல்லதான், ஆனா தண்ணி நிறைய குடிக்கவைங்க, பிரஷர் சுகர் மாத்திரை ஒரு நாள் கூடுதலாவே எடுத்துக்கோங்க. ரோடு மூடிட்டா அன்னைக்கு இறங்க முடியாது.

சாப்பாடு. பெரிய டைனிங் ரூமுக்கு முன்கூட்டியே டேபிள் சொல்லி வைங்க, சைவம்னு அப்பவே சொல்லிடுங்க. ரெண்டு வேளைக்கு மேல அப்பா அம்மாவுக்கு அது செட் ஆகாதுன்னு எங்களுக்குத் தெரியும், அதனால புளியோதரை, சப்பாத்தி, தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி கட்டிட்டுப் போனோம். ஆனா எலக்ட்ரிக் குக்கர், இண்டக்‌ஷன் ஸ்டவ் எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க, தயவு பண்ணி. கிட்டத்தட்ட 90 வருஷத்து மரக்கட்டிடம் அது. ஃப்ளாஸ்க் ரெண்டு போதும்.

ஓரெகன்ல விற்பனை வரி கிடையாது, ஆனா ரூம் வாடகைக்குத் தங்கும் வரி உண்டு, ஹோட்டல் பில்லுல தனியா வரும். சாப்பாட்டு பில்லுக்கு மேல டிப்ஸ் 18லேர்ந்து 20 சதவீதம், ஸ்கீ சொல்லிக்குடுக்கறவருக்கும் ரூம் சுத்தம் பண்றவங்களுக்கும் கொஞ்சம் சில்லறை நோட்டு வெச்சுக்கோங்க.

7. மேல போய் சேந்தப்புறம்

காலைலயே போய்டுங்க. செக்-இன் நேரம் வரைக்கும் என்ன பண்றதுன்னு யோசிச்சுதான் டிசம்பர்ல லேட்டா கிளம்பினோம், அது பெரிய தப்பு. கட்டிடம் அமெரிக்க வனத்துறைக்குச் சொந்தம், லாபிக்கு யார் வேணா வரலாம், ரூம் ரெடியாகற வரைக்கும் அங்கேயே உக்காந்திருக்கலாம். வாரக்கடைசின்னா காலை ஏழரைக்குள்ள கவர்மென்ட் கேம்ப் தாண்டிடணும்னு கணக்கு வைங்க. ராத்திரி தங்கறவங்க வண்டியை எங்க விடணும்னு முதல்ல ரிசப்ஷன்ல கேட்டுட்டு அப்புறமா நிறுத்துங்க, ஸ்னோ தள்ற வண்டி ராத்திரி வரும். வைப்பரைத் தூக்கி விட்டுட்டு வாங்க. கூரை ஓரத்துக்குக் கீழ பசங்களை விளையாட விடாதீங்க, மேலேர்ந்து ஸ்னோ மொத்தமா சரியும்.

லாபில நடுவுல வானத்துக்கு ஏறற மாதிரி ஒரு கல் புகைபோக்கி, அதைச் சுத்தி நெருப்பு. எங்க அப்பா மில்லுல ஃபிட்டரா இருந்தவர். நெருப்புக்கு முன்னாடி இருக்கற திரையை ரொம்ப நேரம் பாத்துட்டு, "இது டயர் செயின்டா"ன்னாரு. உண்மைதான், பழைய டயர் செயினை வெச்சுதான் அதைச் செஞ்சிருக்காங்க. விறகு தாங்கற இரும்பு பழைய தண்டவாளம், மாடிப்படில இருக்கற கரடி, ஆந்தை எல்லாம் பழைய கம்பத்து மரத்துல செதுக்கினது. ஒவ்வொரு படியா தடவிப் பாத்துட்டே ஏறினாரு, அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இந்த ட்ரிப் எனக்கு முக்கியம்.

ஸ்கீ விஷயத்துல ரெண்டே எச்சரிக்கை. பால்மர் லிஃப்ட் 8,540 அடி வரைக்கும் போகும், ஆனா அது வசந்தம், வெயில்காலத்துக்கானது, டிசம்பர் ஜனவரில அதை எதிர்பாத்துப் போகாதீங்க. இன்னொண்ணு, லிஃப்ட் டிக்கெட்டும் க்ளாஸும் ஆன்லைன்ல முன்கூட்டியே எடுத்தாதான் இடமும் ரேட்டும் கிடைக்கும். புதுசா கத்துக்கறவங்களுக்கு ப்ரூனோஸ்னு ஒரு மெதுவான லிஃப்ட் இருக்கு, ரெண்டு நாளும் அதுலயே இருங்க.

பசங்களுக்கு சறுக்குத் தட்டு வாங்கிட்டுப் போறவங்க, லாட்ஜ் பக்கத்துல அதுக்கு இடம் கிடையாது. ஹைவே 35ல ஒயிட் ரிவர் ஸ்னோ-பார்க் போங்க, அதே பெர்மிட் செல்லும்.

மூடுபனி வந்துட்டா லாட்ஜ் பின்பக்கம் மேல ஏறி நடக்காதீங்க. அம்பது அடில கட்டிடமே மறைஞ்சிடும். மேலேர்ந்து நேரா கீழ இறங்கினா லாட்ஜ் வந்துடும்னு தோணும், ஆனா மலையோட சரிவு மேற்கால ஜிக்ஜாக் பள்ளத்தாக்குப் பக்கம் இழுத்துட்டுப் போயிடும், அனுபவசாலிகளே அங்க வழி தவறியிருக்காங்க.

8. இறங்கற நாள்

செக்-அவுட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒருத்தர் மட்டும் போய் வண்டியைத் தோண்டணும். மார்ச்ல எங்க வண்டி மேல முட்டி உயரம் ஸ்னோ, மடக்கு மண்வெட்டி இருந்ததால நாப்பது நிமிஷத்துல முடிஞ்சது. கூரை மேல இருக்கறதையும் தள்ளிடுங்க, இல்லன்னா கீழ போறப்போ ப்ரேக் போட்டதும் முன் கண்ணாடில சரியும். சைலன்சர் வாயை சுத்தம் பண்ணாம இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவே கூடாது, புகை உள்ள வரும்.

ஞாயித்துக்கிழமைன்னா மதியத்துக்குள்ள இறங்கிடுங்க, மூணு மணிக்கு மேல ஸ்கீ பண்ண எல்லாரும் ஒண்ணா கிளம்புவாங்க. அந்த ஆறு மைலும் சின்ன கியர்லயே இறங்குங்க, ப்ரேக்கை அழுத்திட்டே வராதீங்க. செயினை ரோடு கறுப்பா தெரிய ஆரம்பிச்சதும் ஓரமா நிறுத்திக் கழட்டிடுங்க, வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணில அலசி காயவெச்சு எடுத்து வைங்க, உப்போட அப்படியே டப்பால போட்டா அடுத்த சீசனுக்குள்ள துருப்பிடிச்சிடும்.